மஞ்சள் பட்டால் திரும்ப எடுப்பதில்லை

அத்தியாயம் 14

பழனிவேலைச் சீக்கிரம் சாகடித்துவிடுங்கள் என்று மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். அம்மா தாயே, கொஞ்சம் பொறுங்கள். அவர் செத்தால் முதலில் அழப்போகிறவள் சௌந்தரம்தான். அந்தப் பாவத்தை என்னால் கட்டிக்கொள்ள முடியாது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நாலு வரி. சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருந்த பழனிவேலுக்கும் சௌந்தரத்துக்கும் ஒரே மகள் மலர்க்கொடி. கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை ஜெயப்பிரகாஷைக் கட்டிக்கொண்டு போய் நாலு வருஷமாகிறது. அவள் போன மறுமாசமே பழனிவேலுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, மனைவியைத் தாலியைத் தொடச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்.

"அவகூட ஒரு வார்த்த பேசமாட்டேன்னு சொல்லு. இந்த வீட்டுலேர்ந்து ஒரு நூல் அவளுக்குப் போவாதுன்னு சொல்லு."

சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்வாள்?

மலர்க்கொடி இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில், வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து இணையத்தில் புடவை விற்கிறாள். பக்கத்துத் தெருவில் பிரவுசிங் சென்டர் நடத்தும் ஜெயப்பிரகாஷ் போட்டுக் கொடுத்த வெப்சைட். பெயர் 'மலர் புடவைகள்'. அவளுக்கு இது ஏழாவது மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

இன்று செவ்வாய்க்கிழமை. மாசி பிறந்து இரண்டாம் நாள். 'தானே' புயல் ஊரைப் புரட்டிப் போட்டு ஒன்றரை மாதமாகியிருந்தது.

*

காலை பத்து மணிக்கெல்லாம் மாமியார் முத்தம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். ஒரு கையில் வளையல் பெட்டி. இன்னொரு கையில் தூக்கு நிறைய மீன் குழம்பு.

"எட்டு டஜன் வாங்கியாந்துட்டேன் கண்ணு. பச்ச, செவப்பு ரெண்டும் இருக்குது. தெரு முச்சூடும் சொல்லியாச்சி. ஒண்ணே ஒண்ணுதான் கொற."

"என்னா அத்த?"

"மொதல்ல வேப்பங்குச்சிக் காப்பு போடணும். அதத் தாயாருதான் போடணும். அப்புறந்தான் நாங்க கண்ணாடி வளையல் அடுக்கறது. நான் வேணா சிதம்பரம் போயி உங்கம்மாவ ஒரு வார்த்த கூப்புட்டுப் பாக்கட்டா?"

"ஒண்ணும் வாணாம் அத்த." மலர்க்கொடி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். "புயலு அடிச்சிப் பத்து நாளு கரெண்டு இல்லாம கெடந்தமே, உயிரோட இருக்கியாடின்னு ஒரு போன் வந்துச்சா? எங்கப்பன் கல்லு, சரி. எங்கம்மாவுக்கு என்னா வந்துச்சி? நீங்களே போடுங்க. உங்க கையி போதும் எனக்கு."

மருமகளின் குரல் எங்கே உடைந்தது என்று முத்தம்மாளுக்குத் தெரியும். மீன் குழம்பைச் சட்டியில் ஊற்றி மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மலர்க்கொடி அன்றைக்கு வந்த ஆர்டர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். வேலை இருந்தால் அவளுக்கு அம்மா ஞாபகம் வராது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் புடவை விற்பதைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் என்றால் நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்புறமா வர்றோம்" என்று போய்விடுவார்கள். அதோடு முடிந்தது. இங்கே பணம் கட்டி வரவழைத்து, கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய், போட்டோவும் எடுத்துக்கொண்டு, மல்லிகைப்பூ வாசனை போவதற்குள் மடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். 'கலர் பிடிக்கவில்லை' என்று ஒரு வரி வேறு. ஒரு முறை திரும்பி வந்த புடவையின் மடிப்பில் பாயசத்து முந்திரி இருந்தது. சத்தியமாக.

அதனால் ஜெயப்பிரகாஷ் வெளிநாட்டு வெப்சைட்டுகளை எல்லாம் மேய்ந்துவிட்டு ரெண்டு விதி எழுதிப் போட்டான். பிடிக்காவிட்டால் ஏழு நாளைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மடிப்பைப் பிரித்திருந்தால் விலையில் நூற்றுக்குப் பதினைந்து பிடித்துக்கொள்ளப்படும். திரும்பி வந்ததை இஸ்திரி போட்டு, மடித்து, மறுபடி அலமாரியில் அடுக்குகிற கூலி அது. ரீஸ்டாக்கிங் சார்ஜ் என்று அதற்குப் பெயர் சொன்னான். பெயரைக் கேட்டே பாதிப்பேர் அடங்கினார்கள்.

மூன்றாவது விதி மலர்க்கொடி எழுதியது. அதற்குக் காரணம் சிதம்பரத்தில் இருக்கும் சிந்துஜா என்ற வாடிக்கையாளர்.

போன தீபாவளிக்கு முன்னால் இந்த சிந்துஜா, ஒரு பல் ஆஸ்பத்திரி முகவரிக்கு மாம்பழக் கலர் புடவை ஒன்று வரவழைத்தாள். மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டாள். பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று கேட்டதற்கு, 'பணம் வேண்டாம்' என்று மெயிலில் பதில் வந்தது. இப்படியும் ஒரு கிறுக்கா என்று மலர்க்கொடி சிரித்தாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் அந்தப் புடவையைத் திருச்சிக்கு விற்றுவிட்டாள். திருச்சிக்கார அம்மாள் போன் பண்ணிக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். "யாரோ மஞ்ச வச்ச புடவையப் புதுசுன்னு என் தலையில கட்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

மலர்க்கொடிக்கு அவமானமாகப் போய்விட்டது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள்: 'மஞ்சள் பட்ட புடவை திரும்ப எடுக்கப்படாது. அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும்.'

அதே சிந்துஜா போன மாசக் கடைசியில் மறுபடியும் ஆர்டர் போட்டாள். அரக்குக் கரை வைத்த பச்சைப் புடவை. போன சனிக்கிழமை அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தடவை மலர்க்கொடி உதறி விரித்துப் பார்த்தாள். முந்தானை ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு மஞ்சள். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. சீட்டு எழுதி உள்ளே வைத்து, திங்கட்கிழமை கூரியரில் திருப்பிவிட்டாள்.

புதுப்புடவை என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் நம் வீடுகளில் யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள். அவளுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் மகளாக உட்கார்ந்து பார்க்கவில்லை. கடைக்காரியாகப் பார்த்தாள்.

*

சிதம்பரத்தில் மதியம் ஒன்றரை மணிக்கு, பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை பார்க்கும் சிந்துஜா சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். அவள் வீடு பழனிவேல் வீட்டு மாடி. வாடகைக்கு வந்து ரெண்டு வருஷம்.

பழனிவேல் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். சிந்துஜா பின்பக்கமாகச் சுற்றிவந்து சமையலறை வாசலில் நின்றாள். கையில் பார்சல்.

"ஆன்ட்டி, திரும்பி வந்துடுச்சி."

சௌந்தரம் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். சிந்துஜா பேர்தான் மேலே. உள்ளே இருந்தது சௌந்தரத்தின் கை.

அவள் கணக்கே தனி. 'அவ கடப் பொருளு அவகிட்டயே போவுது. இதுல இந்த வீட்டு நூல் எங்க இருக்குது?' புடவைக்குக் கட்டிய பணம்கூட, அவள் பிறந்த வீட்டில் போட்ட கம்மலை விற்றது. சத்தியம் சத்தியமாக இருக்கட்டும், மகளுக்குச் சீரும் போகட்டும் என்று நாலு வருஷம் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த வழி. வாங்குவது, ஓரத்தில் மஞ்சள் வைப்பது, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது. மஞ்சளைப் பார்த்தால் மகளுக்குத் தெரியாதா என்று நம்பினாள். தீபாவளிப் புடவையை மலர்க்கொடி கட்டியிருப்பாள், அந்தக் கலர் அவளுக்கு எடுப்பாக இருந்திருக்கும் என்று கார்த்திகை, மார்கழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். திருச்சிக்கார அம்மாள் கதை அவளுக்கு எப்படித் தெரியும்?

மகள் உண்டாகியிருப்பதும் அந்த வெப்சைட்டில்தான் தெரிந்தது. பொங்கல் கழித்து ஒருநாள் சிந்துஜா படித்துக் காட்டினாள். 'பிரசவத்தை முன்னிட்டு ஏப்ரல், மே மாதங்களில் கடை விடுமுறை.' சௌந்தரம் விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

தோட்டத்து வேப்பமரம் புயலில் முறிந்து அடிக்கட்டைதான் நின்றது. அது துளிர்த்திருந்தது. அதில் ஒரு இணுக்கு ஒடித்து, இலையோடு வளைத்து, மஞ்சள் நூல் கட்டிக் காப்பாக்கிப் புடவைக்குள் வைத்தாள். தெருவில் எந்த வளைகாப்பு என்றாலும் வேப்பங்காப்பு முறுக்கச் சௌந்தரத்தைத்தான் கூப்பிடுவார்கள். தன் மகளுக்குப் பார்சலில்தான் அனுப்ப முடிந்தது.

இப்போது பார்சலைப் பிரித்தாள். சீட்டு மேலேயே இருந்தது. அச்சடித்த விதிகளுக்குக் கீழே பேனாவில் எழுத்து.

'புடவையில் மஞ்சள் கறை உள்ளது. கறை பட்டதை எடுப்பதில்லை. இனி இப்படி அனுப்ப வேண்டாம்.'

"ம-வுக்குக் காலு நீட்டிப் போட்டிருக்கா பாரு" என்றாள் சௌந்தரம். "மூணாங் கிளாசுலேர்ந்து அப்படித்தான்."

"ஆன்ட்டி, நீங்கதான் அனுப்புனீங்கன்னு அவுங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. விடுங்க. நான் வேணா ஒரு போன் பண்ணிச் சொல்றேன்."

"தெரியாமலா?" சௌந்தரம் புடவையை உதறினாள். மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். "காப்பு இல்ல பாரு. உள்ள வச்சி அனுப்புனேன். அத எடுத்துப் பாத்துட்டுத்தான் இத எழுதியிருக்கா. புயலப்ப ஒரு வார்த்த கேக்காத ஆத்தா குடுக்கற சீரு என்னாத்துக்குன்னு நெனச்சிட்டா. நெனக்கட்டும். நெனக்கறது ஞாயந்தான்."

"ஆன்ட்டி."

"எங்கையால வச்ச மஞ்ச கறையாம், சிந்து."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கூடத்தில் பழனிவேல் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு வேறொரு பயம் வந்து பிடித்துக்கொண்டது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொடுத்த சீர் திரும்பி வந்துவிட்டதே, அதை வீட்டில் வைத்தால் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அஞ்சு மணிக்குப் புடவையைத் தட்டில் வைத்து, பூ வாங்கிக்கொண்டு, தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமையாதலால் கூட்டம். பூசாரி வாங்கி, அவள் கண் முன்னாலேயே அம்மனுக்குச் சாத்தினார்.

"யார் பேருக்கும்மா அர்ச்சன?"

"மலர்க்கொடி" என்றாள். ராசியும் நட்சத்திரமும் தடங்கல் இல்லாமல் வந்தன. நாலு வருஷமாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

*

கடலூரில் ஆறரை மணிக்கு மலர்க்கொடி கடைசி ஆர்டரைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெய்வேலிக்குப் போக வேண்டிய புடவை. கவர் தீர்ந்துவிட்டது. திரும்பி வருகிற பார்சல் கவர்களைக் கிழிக்காமல் மேசைக்கடியில் சேர்த்துவைத்து மறுபடி பயன்படுத்துவது அவள் வழக்கம். ஒன்றை உருவி, தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

காய்ந்த வேப்பிலைகள் கொட்டின. சனிக்கிழமை உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பூச்சி வராமலிருக்க வேப்பிலை போட்டிருக்கிறார்கள் என்று கவரிலேயே விட்டிருந்தாள்.

கடைசியாக ஒரு வளையம் விழுந்தது.

குச்சியை ரெண்டு சுற்று முறுக்கி, நுனியை உள்ளே செருகி, மஞ்சள் நூலால் மூன்று முடிச்சு. மலர்க்கொடி குனிந்து எடுத்தாள். கவரின் மேல் அனுப்பியவர் முகவரியைப் பார்த்தாள். சிந்துஜா, சிதம்பரம். பணம் வேண்டாம். தீபாவளி. மஞ்சள். பச்சைப் புடவை.

மூன்று முடிச்சு போடுகிற கையை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் எத்தனை வளைகாப்பில் பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

காப்பைக் கையில் போட்டுப் பார்த்தாள். விரல்களைத் தாண்டியது. கட்டைவிரல் எலும்பில் சிக்கியது. நாலஞ்சு நாள் காய்ந்த குச்சி. லேசாக அழுத்தினாள். ரெண்டாக உடைந்தது.

ஜெயப்பிரகாஷ் உள்ளே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மலரு! என்னா ஆச்சி? வலிக்குதா?"

"எங்கம்மா அனுப்புன பொடவய நான் திருப்பி அனுப்பிட்டேன் மாமா." உடைந்த குச்சிகளை நீட்டினாள். "கறைன்னு எழுதி அனுப்பிட்டேன். இனிமே அனுப்பாதன்னு எழுதிட்டேன் மாமா. தீபாவளிப் பொடவய வித்துட்டேன். எங்கம்மா குடுத்த பொடவய நானே வித்துட்டேன்."

அவன் போனை எடுத்து, ஆர்டரில் இருந்த சிந்துஜாவின் நம்பரைப் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

*

சிந்துஜா போனோடு மாடிப்படி இறங்கி வந்தாள். கூடத்தில் பழனிவேல் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் விளக்கேற்றிவிட்டு அப்போதுதான் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, பொடவக் கடையிலேர்ந்து போன். திருப்பி அனுப்புனீங்கள்ல, அது விஷயமாப் பேசணுமாம்."

கெட்டிக்காரப் பெண்! சௌந்தரம் போனை வாங்கினாள்.

"அம்மா" என்றது குரல்.

சௌந்தரத்தின் இன்னொரு கை தாலிக்குப் போனது. பழனிவேல் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"சொல்லுங்க" என்றாள் சௌந்தரம்.

"அம்மா, மலரு பேசுறேம்மா. நீன்னு தெரியாதும்மா. யாரோன்னு நெனச்சி எழுதிட்டேம்மா. காப்ப நான் பாக்கவே இல்ல. இப்பதான் கவருலேர்ந்து விழுந்துச்சி."

சௌந்தரம் கண்ணை மூடித் திறந்தாள். மகளோடு பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். கடைக்காரியோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"மஞ்ச பட்டா எடுக்கறதில்லன்னு சீட்டுல போட்டிருந்திச்சிங்களே" என்றாள்.

மலர்க்கொடிக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"ஆமாங்க."

"நான் எடுத்துக்கறேங்க" என்றாள் மலர்க்கொடி. "அந்தச் சீட்டக் கிழிச்சிப் போட்டுடுங்க. பொடவய அனுப்புங்க. நான் எடுத்துக்கறேன்."

"ஏழு நாளு தாண்டிப் போயிருக்குமே."

"நாளு கணக்கெல்லாம் இல்லீங்க."

"நூத்துக்குப் பதினஞ்சி புடிப்பீங்களா?"

"ஒண்ணும் புடிக்கமாட்டேம்மா. அனுப்பும்மா. வெள்ளிக்கிழம நான் அதத்தான் கட்டிக்கணும்."

சௌந்தரம் பழனிவேலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"பொடவ இப்ப கையில இல்லீங்களே. சாயங்காலம் அம்மனுக்குக் குடுத்துட்டேன். சாத்திட்டாங்க. அந்தப் பச்சயும் அரக்குக் கரயும் பாக்கப் பாக்க நல்லா இருந்திச்சி. உங்க கடச் சரக்க ஒரு கொற சொல்ல முடியாது."

மலர்க்கொடி அழுவது போனுக்கு வெளியிலும் கேட்டுவிடுமோ என்று சௌந்தரம் போனைக் காதோடு இறுக்கி அழுத்தினாள்.

"காப்பு என் கையில ஏறலம்மா. ஒடஞ்சிப் போச்சி."

"காஞ்சிருக்கும். பச்சையா இருந்தாத்தான் வளையும். உங்க வீட்டுப் பெரியவங்கள ஒண்ணு புதுசாப் பண்ணிப் போடச் சொல்லுங்க. அவுங்க கையும் நல்ல கைதான்."

"நீ வந்து போடும்மா. வெள்ளிக்கிழம பத்து மணிக்கி. பஸ்ஸு ஏறி வந்துடும்மா. ஒரு மணி நேரம் போதும்மா."

பழனிவேலின் நெஞ்சு ஏறி இறங்குவது சௌந்தரத்துக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. நாலு வருஷமாக அவள் ராத்திரியில் விழித்து விழித்துக் கவனிக்கிற மூச்சு அது.

"இல்லீங்க" என்றாள். "இப்ப எதுவும் எடுக்கற மாதிரி இல்லீங்க."

"அம்மா."

"ஜாஸ்தி நேரம் நின்னுகிட்டு வேல பாக்காதீங்க. வச்சிடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். போனைச் சிந்துஜாவிடம் கொடுத்தபோது சிந்துஜாதான் அழுதுகொண்டிருந்தாள். அவளை மாடிக்குப் போகச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"யாரு போன்ல?" என்றார் பழனிவேல்.

"பொடவக் கட."

"நீ எப்ப பொடவ வாங்குன?"

"பச்சையில ஒண்ணு வாங்குனேன். சரியா வரலங்க. திருப்பிட்டேன்."

அவர் தலையாட்டினார். டி.வி.யில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. சத்தத்தைக் கூட்டவில்லை. சௌந்தரம் சமையலறைப் பக்கம் நாலு எட்டு வைத்திருப்பாள்.

"பேசுனது பொம்பளையா?"

"ஆமாங்க."

"அழுதுச்சா?"

சௌந்தரம் நின்றாள். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கடக்காரங்க எதுக்குங்க அழுவப் போறாங்க" என்றாள்.